உறையில் '4கே' என்று போட்டால் போதுமா? பழைய ஐரோப்பியப் படங்கள் டிஸ்க்கில் வரும்போது நடப்பது

ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 'நொஸ்ஃபெராட்டு' (1922) படத்தை ஏதாவது மலிவு டிவிடியில் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். வெயில் பட்டால் செத்துவிடும் ரத்தக்காட்டேரி, பட்டப்பகலில் தன் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து போகிறது. கடைசிக் காட்சியில் பொழுது விடிந்ததும் புகையாகி மறைகிறது. நடுப்பகலில் தெருவில் நடந்தபோது ஒன்றும் ஆகவில்லையே, விடியற்காலை வெளிச்சத்துக்கு மட்டும் ஏன் சாக வேண்டும்?

முர்னாவ் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. அன்றைய பிலிமின் ஒளியுணர்வுக்கு இரவில் வெளிப்புறக் காட்சி எடுப்பது மிகக் கடினம். அதனால் பகலில் எடுத்து, பிரின்ட்டை நீலச் சாயத்தில் முக்கினார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் விளக்கெரியும் அறை, இளஞ்சிவப்பு என்றால் விடியல். 1922இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு இது சொல்லாமலே புரிந்தது. பின்னாளில் கறுப்பு வெள்ளைப் பிலிமில் நகலெடுத்தபோது சாயம் போய்விட்டது. சாயத்தோடு இரவும் போனது, கதையின் தர்க்கமும் போனது. இந்தப் படம் அனுமதியில்லாமல் தழுவிய 'டிராகுலா' நாவலின் ஆசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில், 1925இல் படத்தின் பிரதிகளை அழிக்கச் சொல்லி ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தப்பிப் பிழைத்த பிரதிகளின் நகல்கள்தான் உலகம் முழுக்கச் சுற்றின. ஜெர்மனியின் முர்னாவ் அறக்கட்டளை 2006இல் முடித்த மீட்டெடுப்புக்கு, பாரிஸின் சினிமாதெக் திரைப்படக் காப்பகத்தில் இருந்த சாயமேற்றிய பிரெஞ்சுப் பிரின்ட் அடிப்படையாக அமைந்தது. அதிலிருந்து வந்த டிஸ்க்கில் அதே சவப்பெட்டிக் காட்சியைப் பாருங்கள். இரவு திரும்பி வந்திருக்கும்.

பழைய படம் ஒன்று புதிதாக டிஸ்க்கில் வந்தால் நாம் முதலில் கேட்பது டிவிடியா, ப்ளூரேயா, 4கேயா என்றுதான். படத்தின் கூர்மையைக் குறிக்கும் அந்த எண்ணுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் எந்தப் பிலிமிலிருந்து ஸ்கேன் செய்தார்கள், நிறத்தை யார் முடிவு செய்தார்கள், எதைத் துடைத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்பதில்தான் படத்தின் கதியே இருக்கிறது. இவை எல்லாம் அந்த எண்ணுக்கு வெகு முன்பே முடிவாகிவிடுகின்றன.

கேமராவுக்குள் ஓடிய பிலிம்தான் மூல நெகடிவ். அதிலிருந்து ஒரு பாசிடிவ், அதிலிருந்து டூப் எனப்படும் ஒரு நகல் நெகடிவ், அதிலிருந்து தியேட்டருக்குப் போகும் பிரின்ட். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போல, ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் குறையும், கறுப்பு இன்னும் கறுப்பாகும், வெள்ளை வெளிறும். தியேட்டர் பிரின்ட்டை 4கேயில் ஸ்கேன் செய்தால் அதில் ஏறியிருக்கும் கீறல்தான் 4கேயில் தெரியும். இல்லாமல் போன முகச் சுருக்கம் திரும்பி வராது.

ஐரோப்பியப் படங்களுக்கு இந்த மூல நெகடிவ் விஷயத்தில் தலைவிதி வேறு மாதிரி. 1950களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். அதோடு இரண்டு உலகப் போர்கள், தணிக்கை, தயாரிப்பாளரின் கத்திரி. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் 'லா கிராந்த் இல்யூசியோன்' (1937) பட நெகடிவின் பயணத்தை மட்டும் தனிப் படமாக எடுக்கலாம். ஜெர்மானியர்கள் பிரான்ஸைப் பிடித்ததும் அதை பெர்லின் ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1945இல் பெர்லினுக்குள் வந்த சோவியத் படை அதை மாஸ்கோவுக்கு அனுப்பியது. 1960களில் காப்பகங்களுக்கு இடையிலான பரிமாற்றத்தில் பிரான்ஸின் துலூஸ் நகரத்துக்குத் திரும்பி வந்தது. அது என்னவென்று அடையாளம் தெரியாமல் அங்கேயே பல வருடம் கிடந்தது. குண்டுவீச்சில் அழிந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1990களில்தான் அது மூல நெகடிவ் என்று கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் தன் டிவிடி வரிசையின் முதல் எண்ணை இந்தப் படத்துக்கு ஒதுக்கியிருந்தது. நல்ல மூலம் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் வெளியீட்டைத் தள்ளிவைத்து 1999இல்தான் கொண்டுவந்தது. அந்தக் காத்திருப்பு சரியான முடிவு.

அதே ரெனுவாரின் 'லா ரேக்ல் து ழூ' (1939) படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் நெகடிவ் 1942இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் உண்மையாகவே அழிந்தது. இன்று நாம் பார்க்கும் 106 நிமிடப் படம், கிடைத்த துண்டுகளை எல்லாம் சேர்த்து, ரெனுவாரின் சம்மதத்தோடு 1959இல் ஒட்டவைத்தது. அதன் ப்ளூரேயில் சில காட்சிகள் மங்கலாக இருந்தால் டிஸ்க் போட்டவரைத் திட்டிப் பயனில்லை. ஒரே இயக்குநர், இரண்டு வருட இடைவெளி, இருந்தும் இரண்டு டிஸ்க்குகளின் தரமும் ஒன்றாக இருக்கவே முடியாது.

ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' (1927) விஷயத்தில் செய்தது எனக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை. முதல் வெளியீட்டுக்குப் பிறகு வெட்டித் தள்ளிய காட்சிகளில் சுமார் 25 நிமிடம், 2008இல் புவெனோஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 மி.மீ. நெகடிவாகக் கிடைத்தது. தேய்ந்துபோன 35 மி.மீ. பிரின்ட்டிலிருந்து எடுத்த நகல் அது. பழைய பிரின்ட்டின் கீறல்கள் நகலெடுக்கும்போதே படமாகப் பதிந்துவிட்டதால் அவற்றை முழுக்க நீக்க முடியாது. ஓரங்களும் வெட்டுப்பட்டிருந்தன. 2010இல் வந்த மீட்டெடுப்பில் இந்தக் காட்சிகள் வரும்போது மழை பெய்வது போலக் கோடுகள் ஓடும், ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும். பெரிதாக்கி, துடைத்து, மற்ற காட்சிகளோடு கலந்துவிட்டிருக்கலாம். செய்யவில்லை. எது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்கே தெரியும்படி விட்டுவிட்டார்கள்.

அடுத்தது வேகம். இதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை, ஆனால் டிவிடி காலத்தில் ஐரோப்பியப் படங்களை நாம் பார்த்த விதத்தையே இது மாற்றியது. சினிமா நொடிக்கு 24 படச் சட்டங்கள். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருந்த பால் (PAL) தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. மாற்றுவதற்கு எளிய வழி என்னவென்றால், படத்தை அப்படியே 4 சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவது. 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். குரல்கள் மெலியும், இசையின் சுருதி அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். இசைக் காது உள்ளவருக்கு இது உடனே உறுத்தும். அமெரிக்க டிவிடிகளில் வேறு கோளாறு. பால் முறையில் இருந்த வீடியோ மாஸ்டரை வாங்கி அமெரிக்கத் தொலைக்காட்சியின் என்.டி.எஸ்.சி. முறைக்கு மாற்றியவற்றில், நகரும் கையை நிறுத்திப் பார்த்தால் ஒரே சட்டத்தில் இரண்டு கைகள் ஆவி போலத் தெரியும். பிலிமுக்கே போகாமல் பழைய வீடியோவைத் தூசி தட்டிப் போட்டதற்கு அதுவே அத்தாட்சி. ப்ளூரே 24 சட்டத்தை அப்படியே ஏற்றுக்கொள்வதால் இந்தத் தலைவலி பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. என்னைக் கேட்டால், டிவிடியிலிருந்து ப்ளூரேக்கு மாறியதில் கூர்மையைவிட இதுதான் பெரிய லாபம்.

மௌனப் படங்களில் வேகம் இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அப்போது நிலையான வேகமே கிடையாது. கேமராக்காரர் கையால் சுற்றினார், புரொஜெக்டர்காரர் தன் இஷ்டத்துக்கு ஓட்டினார். ட்ரேயரின் 'ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) படத்தின் மூல நெகடிவ் தீயில் போனது. எடுத்து வைத்திருந்த மாற்றுக் காட்சிகளைக் கொண்டு ட்ரேயர் தொகுத்த இரண்டாவது நெகடிவும் அடுத்த வருடம் தீயில் போனது. 1981இல் ஓஸ்லோ அருகே ஒரு மனநல மருத்துவமனையில், தணிக்கைக்கு முந்தைய டேனிஷ் பிரின்ட் ஒன்று கிடைத்தது. சரி, படம் கிடைத்துவிட்டது, எந்த வேகத்தில் ஓட்டுவது? நொடிக்கு 20 சட்டம் என்றால் சுமார் 97 நிமிடம். 24 என்றால் சுமார் 81 நிமிடம். நாயகி ஃபால்கொனெத்தியின் கண்ணில் நீர் திரண்டு கன்னத்தில் இறங்கும் அந்த அண்மைக் காட்சிகளை இரண்டு வேகத்திலும் பார்த்தால் இரண்டு வேறு நடிப்புகள் போலத் தோன்றும். பிரிட்டனின் யுரேகா நிறுவனம் 2012இலும், கிரைட்டீரியன் 2018இலும் இரண்டு வேகங்களையும் ஒரே வெளியீட்டில் கொடுத்தார்கள். அறிஞர்களே ஒத்துப்போகாத இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்காமல் இருந்தது பார்வையாளரை மதிப்பதன் அடையாளம்.

இனி கிரெய்ன். இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது.

கறுப்பு வெள்ளைப் பிலிமில் படம் என்பது நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது, வண்ணப் பிலிமில் அவற்றின் இடத்தில் உருவாகும் சாயத் துகள்களால் ஆனது. திரையில் லேசாகக் கொதிப்பது போலத் தெரிகிறதே, அந்தத் துகள்தான் கிரெய்ன். அது படத்தின் மேல் படிந்த அழுக்கு கிடையாது, படமே அதுதான். பளபளப்பான எல்.இ.டி. டிவி பார்த்துப் பழகியவர்கள் அதை இரைச்சல் என்று நினைக்கிறார்கள். அவர்களைத் திருப்திப்படுத்த மென்பொருளை ஏவி அதைத் துடைக்கிறார்கள். மென்பொருளுக்குக் கிரெய்னும் தெரியாது, தோலின் துளையும் தெரியாது, இரண்டையும் சேர்த்தே துடைத்துவிடும். விளைவு, மெழுகுப் பொம்மை முகங்கள். மார்செல் கார்னேயின் 'லே ஆன்ஃபான் து பாரதி' (1945), நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் அத்தனை நெருக்கடிகளுக்கு நடுவே எடுத்த படம். பாத்தே நிறுவனம் 2011இல் பெரும் செலவில் அதை 4கேயில் ஸ்கேன் செய்து மீட்டெடுத்தது. அந்தப் பதிப்பு கிரெய்னை அளவுக்கு மீறித் துடைத்துவிட்டது என்ற விமர்சனம் அதன்மேல் அழுத்தமாக விழுந்தது. கூட்டம் நிறைந்த தெருக் காட்சிகளில் பின்னால் நிற்பவர்களின் முகங்களைக் கவனியுங்கள், வழவழவென்று இருக்கும். கீறல் இல்லை, தூசி இல்லை, ஆட்டம் இல்லை. பிலிமும் இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரண்டு இத்தாலியப் படங்களை எடுத்துக்கொள்வோம். விஸ்கோந்தியின் 'இல் கத்தோபார்தோ' (1963) டெக்னிராமா முறையில் எடுத்தது. 35 மி.மீ. பிலிமைப் படுக்கவைத்து ஓட்டி, ஒரு சட்டத்துக்கு, பிலிமின் ஓரத் துளைகளில் எட்டின் நீளத்தை எடுத்துக்கொள்ளும் முறை அது. லியோனியின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) டெக்னிஸ்கோப். பிலிம் செலவைப் பாதியாக்க வந்த அந்த முறையில் ஒரு சட்டத்துக்கு இரண்டே துளை. அதாவது விஸ்கோந்தியின் ஒவ்வொரு சட்டமும் லியோனியின் சட்டத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பிலிம். முதல் படத்தின் விருந்துக் காட்சியில் துணியின் நெசவைக்கூடப் பார்க்கலாம். இரண்டாவதில் அண்மைக் காட்சியில் வியர்வையோடு சேர்ந்து கிரெய்னும் பொரியும், பொரியத்தான் வேண்டும். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே '4கே' முத்திரை இருக்கும். அந்த முத்திரையை நம்பி லியோனி படம் விஸ்கோந்தி படம் போல இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், துடைப்பதைத் தவிர வெளியிடுபவருக்கு வேறு வழியில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1960களின் படங்களில் ஒரு காட்சி மங்கி அடுத்த காட்சி எழும் இடங்களில், அந்த சில நொடிகள் படம் மங்கலாகும், கிரெய்ன் தடிக்கும். அந்த இணைப்பை லேபில் மறுநகல் எடுத்துச் செய்திருப்பார்கள், அதனால் அந்தப் பகுதி மட்டும் ஒன்றிரண்டு தலைமுறை தள்ளிய பிலிம். டிஸ்க்கில் கோளாறு என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

நிறத்துக்கு வருவோம். நம் ஊர்ப் போஸ்டர்களில் ஈஸ்ட்மென் கலர் என்று பெரிதாகப் போட்டிருப்பார்களே, அதே பிலிம்தான் ஐரோப்பாவிலும் ஓடியது. அதன் சாயங்கள் வருடக் கணக்கில் மங்கி, கடைசியில் பிரின்ட் முழுக்க ஒரு ரோஸ் நிறம் மட்டும் மிஞ்சும். ஜாக் தெமி 'செர்பூர்' (1964) படத்தை எடுக்கும்போதே இதை யோசித்திருந்தார். படத்தின் மூன்று அடிப்படை நிறங்களையும் தனித்தனியாகக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்துவைக்க ஏற்பாடு செய்தார். கறுப்பு வெள்ளையில் சாயம் இல்லாததால் மங்குவதற்கும் எதுவும் இல்லை. 1990இல் அவர் இறந்த பிறகு, அவர் மனைவி அன்யெஸ் வர்தாவின் மேற்பார்வையில் அந்த மூன்றையும் சேர்த்துத்தான் படத்தின் பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும் திரும்பக் கிடைத்தன. சுவர்க் காகிதத்தின் நிறத்துக்கும் நாயகியின் உடைக்கும் பொருத்தம் பார்த்து எடுத்த படம் அது. நிறம் போயிருந்தால் பாதிப் படம் போயிருக்கும்.

அப்படி ஒரு பாதுகாப்பு இல்லாத படங்களில் நிறத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒளிப்பதிவாளர் உயிரோடு இருந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். மெல்வில்லின் 'லார்மே தெ சோம்ப்ர்' (1969) மீட்டெடுப்பில் அதன் ஒளிப்பதிவாளர் பியேர் லோமே கூடவே இருந்தார். அந்த நீலச் சாம்பல் குளிர் இன்று நமக்குக் கிடைப்பது அவரால்தான். யாரும் இல்லையென்றால் லேபின் ருசி படத்தின்மேல் ஏறிவிடும். லியோனி படத்தின் 2014 ப்ளூரே வந்தபோது பாலைவனம், வானம், வெள்ளைச் சட்டை எல்லாம் மஞ்சளாக இருந்தது. ரசிகர்கள் பழைய பிரின்ட்டுகளை நினைவுபடுத்திச் சண்டை போட்டார்கள். 2017இல் அமெரிக்காவின் கீனோ லோர்பர் நிறுவனம் அந்த மஞ்சளைக் குறைத்து மறுபடி வெளியிட்டது. அந்த 2014 மீட்டெடுப்பைச் செய்தது இத்தாலியின் போலோன்யா நகரத்து லிம்மாஜினே ரித்ரொவாத்தா லேப். அதன் வேலைகளில் மஞ்சள் தூக்கல் என்பது சேகரிப்பாளர்களிடையே நெடுநாள் புகார். உலகின் தலைசிறந்த மீட்டெடுப்புக் கூடங்களில் அது ஒன்று என்பதும் உண்மை. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த உதய்சங்கரின் 'கல்பனா' (1948) மீட்கப்பட்டதும் அங்கேதான்.

ஒளிப்பதிவாளர் உயிரோடு இருப்பதும் எப்போதும் வரமாக அமைவதில்லை. பெர்த்தொலுச்சியின் 'தி லாஸ்ட் எம்பரர்' (1987) தியேட்டரில் அகலத் திரைப் படம். அதை எடுத்த விட்டோரியோ ஸ்டொராரோவுக்குப் பின்னாளில் எல்லாப் படமும் அகலம் 2க்கு உயரம் 1 என்ற அளவில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கொள்கை பிடித்தது. 2008இல் வந்த கிரைட்டீரியன் டிஸ்க்கில் இரண்டு பக்கமும் வெட்டி அந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். எடுத்தவரே சொன்னால் மறுக்க முடியுமா என்பார்கள். நான் மறுப்பேன். 1987இல் மக்கள் பார்த்த படமும் ஒரு வரலாற்று ஆவணம். எடுத்தவர் மனம் மாறினால் புதிய வடிவத்தைத் தாராளமாகச் சேர்க்கட்டும், பழையதும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒலியிலும் இதே வழக்குதான். லியோனி படத்தை 5.1 என்ற பல ஸ்பீக்கர் ஒலிக்கு மாற்றியபோது பழைய துப்பாக்கிச் சத்தங்களுக்குப் பதில் புதியவற்றைப் போட்டார்கள். அன்றைய இத்தாலியப் படங்களில் ஒலியை அநேகமாகப் படப்பிடிப்புக்குப் பிறகுதான் சேர்த்தார்கள். ஒவ்வொரு சத்தமும் யோசித்து வைத்தது. டிஸ்க்கில் பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலி இருந்தால் அதைப் போட்டுக் கேளுங்கள். மொழியிலும் குழப்பம் உண்டு. 'இல் கத்தோபார்தோ'வில் பர்ட் லங்காஸ்டரின் சொந்தக் குரல் ஆங்கிலப் பதிப்பில்தான் இருக்கிறது. அதுவோ சுமார் 25 நிமிடம் வெட்டுப்பட்ட பதிப்பு. முழுப் படம் வேண்டுமென்றால் வேறொருவரின் இத்தாலியக் குரலில்தான் பார்க்க வேண்டும்.

நமக்கு சப்டைட்டிலும் முக்கியம். 'லா கிராந்த் இல்யூசியோன்' படத்தில் பிரெஞ்சுப் பிரபுவும் ஜெர்மன் பிரபுவும் மற்றவர்களுக்குப் புரியக் கூடாது என்று இடையிடையே ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். வர்க்கம் தேசத்தைத் தாண்டுகிறது என்று படம் சொல்வதே அந்தத் தாவலில்தான். எந்த மொழி பேசுகிறார்கள் என்று காட்டாத சப்டைட்டில் அதை விழுங்கிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கடைசிக் கட்டத்தில் கெடலாம். கிரெய்ன் உள்ள படத்தைச் சுருக்குவது கடினம், ஒவ்வொரு சட்டமும் வேறு மாதிரி இருப்பதால் அதிக இடம் கேட்கும். மூன்று மணி நேரப் படத்தை 25 ஜிபி டிஸ்க்கில் அடைத்தால் இருட்டுக் காட்சிகளில் சதுரம் சதுரமாகக் கட்டிகள் தெரியும். 50 ஜிபி டிஸ்க்கில் அதே ஸ்கேன் ஒழுங்காக இருக்கும். பாத்தே, கோமோன், ஸ்டூடியோகனால் போன்ற பிரெஞ்சு உரிமையாளர்கள் மீட்டெடுத்த ஒரே பதிப்பை ஒவ்வொரு நாட்டு நிறுவனமும் வாங்கித் தனித்தனியாக டிஸ்க் போடுவதால், படம் ஒன்று, ஸ்கேன் ஒன்று, டிஸ்க்கின் தரம் மட்டும் வேறு வேறாக இருக்கும். ஸ்ட்ரீமிங்கில் நெட் வேகத்துக்கு ஏற்ப இன்னும் சுருக்குவார்கள்.

வாங்குவதற்கு முன் உறையின் பின்பக்கத்தையும் உள்ளே இருக்கும் புத்தகத்தையும் பற்றிய விவரத்தைத் தேடிப் படியுங்கள். நல்ல நிறுவனம் மூல நெகடிவிலிருந்தா, டூப்பிலிருந்தா, எந்த லேபில், யார் மேற்பார்வையில் என்று எழுதியிருக்கும். 'புதிய மீட்டெடுப்பு' என்று மட்டும் போட்டு நிறுத்தியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள், மற்றப் பதிப்புகளோடு ஒப்பிடும் ஸ்கிரீன்ஷாட்டுகள் வரட்டும். ப்ளூரேக்கு மண்டலப் பூட்டு உண்டு. இந்தியா சி, அமெரிக்கா ஏ, பிரிட்டனும் ஐரோப்பாவும் பி. இங்கே வாங்கிய சாதாரண பிளேயரில் கிரைட்டீரியன் ப்ளூரேயும் ஓடாது, பெரும்பாலான பிரிட்டிஷ் ப்ளூரேயும் ஓடாது. கிழக்கு ஐரோப்பியப் படங்களைத் தேடித் தேடி வெளியிடும் பிரிட்டனின் செகண்ட் ரன் டிஸ்க்குகள் பெரும்பாலும் பூட்டில்லாமல் வருகின்றன. 4கே யுஹெச்டி டிஸ்க்குகளுக்குப் பூட்டே கிடையாது, எந்த நாட்டில் வாங்கினாலும் இங்குள்ள யுஹெச்டி பிளேயரில் ஓடும். ஆனால் கூடவே பெட்டியில் இருக்கும் ப்ளூரேக்கும் கூடுதல் அம்சங்கள் உள்ள டிஸ்க்குக்கும் பூட்டு இருக்கக்கூடும், அதைப் பார்த்து வாங்குங்கள்.